வெற்றுக் காய்களுக்கு எதற்கு முள்?

இத்தனை ஆண்டு வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ உயிரோடு இருந்தவரை உன்னிடம் கேட்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். கேட்டால் நீ சமாதானமாக ஏதாவது சொல்வாய், உன் குரல் காதில் விழுந்ததும் நானும் தலையாட்டிவிடுவேன் என்ற பயம். இனி உன்னால் பதில் சொல்ல முடியாது. அதனால் கேட்கலாம்.

என் மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து ஒரு சைகஸ் மரத்தின் ஆண் கூம்பை வைத்திருக்கிறேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், தேங்காய் நாரின் நிறம். தட்டினால் செதில்களுக்கு இடையிலிருந்து மஞ்சள் தூள் உதிர்கிறது. அந்த வாசனை உனக்கு நினைவிருக்கும். மிஞ்சிப் பழுத்த பலாவையும் அப்போதுதான் அறுத்த மரத்தூளையும் ஒன்றாகக் குழைத்தாற்போல, தலையைப் பிடிக்கிற நாற்றம். காலையில் என் மனைவி அறை வாசலோடு நின்றுவிட்டாள். “இன்னா எழவ வாங்கியாந்து வெச்சிக்கினு கீற? சாம்பாருகூட இந்த வாசனதான் அடிக்குது” என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள். சித்தூரில் எனக்கு இருக்கிற ஒரே அறை இது. இதற்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

கூம்பை நேற்று திருப்பதியில் வாங்கினேன். கோவிந்தராஜர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நாம் போவோமே, அதே நாட்டு மருந்துக் கடை. அப்போது தன் அப்பாவின் பக்கத்தில் நின்று பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவர் இப்போது நரைத்துப்போய்க் கல்லாவில் இருக்கிறார். கடையில் இதற்கு மதனகாமப்பூ என்று பெயர். மதனகாமப்பூ வேண்டும், காய்ந்த செதில் வேண்டாம், தூள் உதிராத முழுக் கூம்பாக வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார்.

“ரண்டி சார், வாங்க. பச்சையா முழுசா வேணும்னு கேக்கற ஆளுங்க இந்த ஊருலயே ரெண்டு பேருதான். இன்னொருத்தர் எங்க? உயரமா, சைக்கிள தள்ளிக்கினு வருவாரே?”

“செத்துட்டாரு.”

“அய்யய்யோ.” கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்தார். பிறகு அவரால் அடக்க முடியவில்லை. “உங்க ரெண்டு பேருக்கும் அப்போ கல்யாணம்கூட ஆவல. வாரா வாரம் வந்து இத்தக் கேப்பீங்க. எங்க நைனா சொல்லுவாரு, பாவம்டா, காலேஜி வாத்தியாருங்களுக்கு இப்பவே இன்னா கஷ்டமோ-ன்னு.”

நாற்பது தாண்டியவர்கள் ரகசியமாக வந்து பாலில் கலக்கிக் குடிக்க வாங்குகிற சரக்கு அது. நாம் அதை ஒரு மரத்துக்காக வாங்கினோம் என்று சொன்னால் அன்றும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நீ மட்டும் உயிரோடு இருந்தால் இந்த இடத்தில் சிரித்திருப்பாய். எனக்கு அந்தச் சிரிப்பின் மேலும் சந்தேகம் உண்டு. எது நடந்தாலும் முதலில் சிரிப்பவன் நீ. சிரிக்கிறவனின் முகத்தில் எதையும் படிக்க முடியாது.

நாம் இருவரும் திருப்பதிக் கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர்களாக இருந்த காலம். ஆந்திர ராஜ்யம் தனியாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. உன் ஊர் திருத்தணிக்குப் பக்கம். அன்று அது சித்தூர் ஜில்லா, அதனால் ஆந்திரம். என் ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். அன்று அது செங்கல்பட்டு ஜில்லா, அதனால் சென்னை ராஜ்யம். வீட்டில் இருவரும் பேசியது ஒரே தமிழ். ஆனாலும் நீ என்னை “மெட்ராஸ்காரரே” என்பாய், நான் உன்னை “ஆந்திராவாலா” என்பேன். நம் துறைத் தலைவருக்கு அந்த வித்தியாசமே கிடையாது. “ஈ அரவம் பிள்ளலு” என்று ஒரே வார்த்தையில் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டுவிடுவார். தமிழ்ப் பையன்கள், அவ்வளவுதான்.

கல்லூரித் தோட்டத்தின் மூலையில், கிணற்றடிக்கு அப்பால், அந்தச் சைகஸ் நின்றது. சேஷாசல மலையிலிருந்து யாரோ முன்பு பெயர்த்து வந்து நட்டது. நம் மலையைத் தவிர வேறெங்கும் அந்த இனம் இயற்கையாக வளர்வதில்லை. இடுப்பளவு உயரம், இலைக்காம்பில் முள், ஊசியாக ஒடுங்கிய, ஓரம் உள்பக்கம் மடங்கிய சிற்றிலைகள். அந்த மடிப்பை ஒருமுறை பார்த்தவன் மறக்க மாட்டான். நாம் சேர்ந்த இரண்டாம் கோடையில் அதன் நடுக்குருத்தில் பழுப்புப் பஞ்சாக ஏதோ தள்ளியது. விரிந்ததும் பெண் என்று தெரிந்தது. கூம்பு வைக்கும்வரை ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாத மரம். அந்தத் தோட்டத்தில் அதற்குத் துணை இல்லை. காற்று கொண்டுவர ஆண் மரம் மலைமேல்தான் இருந்தது.

அதற்குத்தான் கூம்பு. நாம் இருவரும் விடியற்காலையில் கிணற்றடியில் குந்தி, ஓவியம் வரைகிற தூரிகையால் மஞ்சள் தூளைத் தொட்டுத் தொட்டு வைத்தோம். பூக்கிற மரமாக இருந்தால் சூலகத்தின் மூடி, சூல்முடி, அது இது என்று எத்தனையோ தடை. இதற்கு மூடியே கிடையாது. கம்பளி போர்த்திய சின்ன ஓலை மாதிரி ஒன்று, அதன் இரண்டு ஓரத்திலும் விதையாகப் போகும் சூல்கள் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு சூலின் நுனியிலும் விடியற்காலையில் ஒரு துளி ஊறி நிற்கும். தூள் அதில் பட்டால் போதும். வெயில் ஏறும்போது துளி உள்ளே இழுபடும், தூளும் கூடவே போய்விடும். “தாகத்துல தண்ணிய உறிஞ்சற மாதிரி கீது பா” என்று நீ சொன்னாய். வேலை முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்து அடிமரத்தில் கட்டினாய். அந்தப் பக்கமாக வந்த தலைவர் நின்று பார்த்து, “ஏமய்யா, பெள்ளி அயிந்தா?” என்றார். கல்யாணம் முடிந்ததா என்று. நீ எழுந்து நின்று, “அயிந்தி சார். போஜனம் இங்கா லேது” என்றாய். சாப்பாடு இன்னும் போடவில்லையாம். அவரே சிரித்துவிட்டார்.

சாப்பாடு போட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வகுப்பில் நாம் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பாடம் அது. உள்ளே போன மகரந்தம் உடனே எதையும் செய்யாது. சூலுக்குள் வேர் மாதிரி குழல் விட்டு, கோடை முழுவதும் அங்கேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். மழை தொடங்கிய பிறகுதான், ஏதோ ஒரு நாளில், குழல் வெடித்து விந்தணுக்கள் வெளியே வரும். வந்து நீந்தும். சூல் தனக்குள்ளேயே ஒரு குளம் வைத்திருக்கிறது. பம்பரத்தின் உருவம், சுற்றிச் சுற்றிச் சுருண்டு ஏறும் நுண்மயிர் வரிசை, வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும் அளவு. பூக்கிற தாவரம் எதிலும் அப்படி நீந்துவது ஒன்றும் இல்லை. நம் மலையின் இனத்தில் அதை யாரும் வரைந்ததாக அன்று நமக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்து வரைந்து கொண்டுவந்தால் சென்னையில் ஆராய்ச்சி இடத்துக்கு என் பெயரை எழுதுவதாகத் தலைவர் என்னிடம் சொன்னார். என்னிடம்தான் சொன்னார். அப்போது நீ பக்கத்தில் நின்றிருந்தாய்.

நான் இந்த இடத்தில் பலமுறை நின்று யோசித்திருக்கிறேன். அன்று உன் முகம் எப்படி இருந்தது? நினைவில்லை. நான் தலைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூள் வைத்த சூல்களில் பெரும்பாலானவை கருகி உதிர்ந்தன. தங்கிப் பெருத்தவை இரண்டு கை விரல்களில் அடங்கும். அதில்தான் நமக்குள் சண்டை வந்தது. விந்தணு நீந்துகிற நாள் எது என்று வெளியிலிருந்து தெரியாது. முன்கூட்டியே ஆரம்பித்து ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்துக்கொண்டே போனால்தான் அந்த நாளைப் பிடிக்கலாம். இருப்பவை அத்தனையும் அதற்கு வேண்டும்.

“அல்லாத்தியும் வெட்னா மொளைக்கறதுக்கு இன்னா மிச்சம் இருக்கும்?” என்றாய்.

“நமக்கு மரம் வளர்க்கிற வேலையா?”

“வெட்னா பாக்கலாம். வுட்டா மொளைக்கும். ரெண்டும் ஒரே காயில ஆவாது பா. ஒண்ணே ஒண்ணு வுட்டு வையி.”

“அந்த ஒன்றில்தான் அது நீந்தினால்?”

உனக்கு அந்த மரத்தின் மேல் ஒரு விதமான பைத்தியம் இருந்தது. அதை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். உன் விளையாட்டுகளில் ஒன்று என்று.

மழை இறங்கிய வாரத்தில் ஊரிலிருந்து ஆள் வந்தது. எல்லைத் தகராறு முடிவுக்கு வருகிறது, சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமங்களைக் கொடுத்துத் திருத்தணிப் பக்கத்தை வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று பேச்சு. ஊரில் படித்தவன் நான் ஒருவன். அதிகாரிகள் வரும்போது பேச ஆள் வேண்டும் என்று என் நைனா சொல்லி அனுப்பியிருந்தார். போனேன். கழனி வரப்பில் நின்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “கோட்ட நம்ம கெணத்துக்கு இந்தாண்ட போட்டா நான் ஆரு, அந்தாண்ட போட்டா நான் ஆரு? நெல்லுக்கு அது தெரியுமாடா?” தாசில்தார் ஜீப்பில் வந்தார், கூட்டம் போட்டோம், மழை பிடித்துக்கொண்டது, ஓடை பெருகிப் பஸ் நின்றது. நான் திரும்ப நினைத்ததைவிட வெகுநாள் கழித்துத்தான் திருப்பதிக்கு வந்தேன். வரும்போது பைக்குள் இரண்டு செய்திகள் இருந்தன. என் ஊர் ஆந்திரத்துக்குப் போகிறது. என்னைச் சித்தூருக்கு மாற்றிவிட்டார்கள், உடனே சேர வேண்டும்.

நீ சோதனைச்சாலையில் இருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்தாய். சிரிக்கவில்லை. நான் கேட்பதற்கு முன்பே கண்ணாடித் தட்டை என் பக்கம் நகர்த்தினாய். அதில் பாதியாக வெட்டிய ஒரு சூல். உள்ளே சுருங்கிப் பழுப்பேறிக் கிடந்தது.

“ஒண்ணும் இல்ல பா. வெறும் கூடு. நாலஞ்சு வெட்டிப் பாத்துட்டேன்.”

“மரத்தில் இருப்பவை?”

“அதுவும் இப்படித்தான் இருக்கும். தூள் புடிக்காமலே காய் பெருக்கும்னு நாமளே கிளாஸ்ல சொல்றோமே.”

உண்மைதான். சைகஸில் கருவுறாத சூலும் பெருத்து, நிறம் மாறி, நல்ல காய் போலவே நின்று ஏமாற்றும். பார்த்து எதையும் சொல்ல முடியாது, வெட்டித்தான் சொல்ல வேண்டும். என் பாடத்தையே எடுத்து என் முன்னால் வைத்தாய். பிறகு செய்தாயே ஒன்று, அதைத்தான் நான் மன்னிக்கவில்லை. பிளேடை எடுத்து, பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினாய்.

“வோணும்னா நீயே போய் ஒண்ணு வெட்டிப் பாரு.”

நான் வாங்கவில்லை. பஸ்ஸில் வந்த களைப்பு, பையில் மாற்றல் உத்தரவு. ஒருவன் தன் தோல்வியை இரண்டாவது முறை வெட்டிப் பார்க்க மாட்டான் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் நீட்டினாய்.

மறுநாள் பெட்டி படுக்கையோடு கிளம்பும்போது, எதற்கென்று தெரியாமல் தோட்டத்துப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அந்த மரத்தைச் சுற்றி முள் அடைத்திருந்தது. காரை முள், புதிதாக வெட்டியது, இலைகூட வாடவில்லை. குரங்குக்காகத்தான். திருப்பதியில் தோட்டம் வைத்தவன் எவனும் குரங்குக்கு அஞ்சித்தான் வைப்பான். ஆனால் நான் கேட்கிறேன்: வெறும் கூடாக இருக்கிற காயைக் குரங்கு பறித்தால் என்ன, பறிக்காவிட்டால் என்ன? வெற்றுக் காய்களுக்கு எதற்கு முள்?

சித்தூர்ப் பஸ்ஸில் பாதி வழியில்தான் எனக்கு அது உறைத்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம். ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டிய இடம் முன்னால் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. நூலகத்துக்கு வருகிற ஒவ்வொரு ஆராய்ச்சிச் சஞ்சிகையிலும் உன் பெயரைத் தேடுவது. நீ அவற்றை மறைத்து, நான் போன பிறகு வெட்டி, நீந்துவதைப் பார்த்து, வரைந்து வைத்திருக்கிறாய் என்று உறுதியாக இருந்தேன். நல்ல நேரம் பார்த்து வெளியிடுவாய். உன் ஊர் சென்னை ராஜ்யத்துக்குப் போனதும் நீயும் விருப்பம் எழுதிக் கொடுத்து அங்கே போய்விட்டாய். என் கணக்கு சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் அடைய வேண்டிய சென்னைக்கு நீ, நீ இருக்க வேண்டிய ஆந்திரத்தில் நான். ஆனால் உன் பெயர் எங்கும் வரவில்லை. நீ ஆராய்ச்சிக்கும் போகவில்லை, கல்லூரிக்கும் போகவில்லை. திருத்தணிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியாராகச் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. எதையும் அடையாமல் ஒருவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பினாய். நான் பதில் போடவில்லை. போடவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

உன் காரியத்துக்கு வந்ததுகூட உனக்காக இல்லை. வீட்டைப் பார்க்க வந்தேன். சுவரில் ஏதாவது படம் மாட்டியிருக்கிறாயா, அலமாரியில் மைக்ராஸ்கோப்புக்கான கண்ணாடிச் சில்லுப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். பள்ளிக்கூடக் குழுப் படமும் ஒரு முருகன் காலண்டரும்தான் இருந்தன. சாப்பாடு முடிந்து கை கழுவப் புழக்கடைக்குப் போனவன், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

இடுப்பளவு உயரம். ஊசிச் சிற்றிலை. ஓரம் உள்பக்கம் மடங்கியிருந்தது.

கடைகளில் அழகுக்கு விற்கிற சைகஸ் வேறு. இது நம் மலை. அதன் அடியில் முள் அடைத்திருந்தது. அதுவும் காரை முள்தான்.

உன் மனைவி சொம்போடு வந்தாள். அழுது ஓய்ந்த முகம். “அண்ணா, கிட்டப் போவாதீங்க, காம்புல முள்ளு கீது” என்றாள்.

“இது எப்ப வெச்சது?”

“நான் கல்யாணமாயி வந்தப்பவே இருந்துச்சி. தொட்டியில ஒத்த எலையா நின்னுக்கினு இருந்துச்சி. பள்ளிக்கூடம் வுட்டு வந்தா எங்க மொகத்தப் பாக்கறதுக்கு முந்தி அத்தோட மொகத்தத்தான் பாப்பாரு. நான் சக்களத்தி-ன்னே கூப்டுவேன்.” கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க சித்தூருதானே? அப்ப இது உங்குளுதுதான்” என்றாள்.

“என்னுதா?”

“அப்டிதான் சொல்லுவாரு. சித்தூருல என் சினேகிதன் ஒர்த்தன் கீறான், இது அவனுது, என்னிக்கினா கேட்டுக்கினு வருவான், வந்தா குட்த்துடணும்-ன்னு. நானும் இத்தினி வருசமா வருவீங்க வருவீங்க-ன்னு பாத்துக்கினேதான் இருந்தேன்.”

நான் சொம்பை வாங்கிக் கையைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய கைதான்.

“நடுவுல பாருங்க, பஞ்சாட்டம் இன்னாவோ தள்ளுது,” என்றாள். “அவரு படுக்கையில வுழுந்தப்பறம்தான் வந்துச்சி. எய்ந்து வந்து பாக்க முடில. நீ ஆணா பொண்ணா-ன்னு தெனம் அதுங்கிட்ட கேட்டுக்கினு இருந்த மனுசன். எனுக்கு ஒண்ணும் புரில. உங்குளுக்குத் தெரியுமாண்ணா, அது இன்னான்னு?”

ஒரு பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பளி போர்த்திய சின்ன ஓலைகள், இன்னும் விரியவில்லை, ஓரத்தில் மொக்கு மொக்காகச் சூல். “பார்த்துச் சொல்றேம்மா” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

சொல்லாமல் வந்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதே. நீ எனக்குச் சொல்லாதது ஒன்று இருந்தது. உன் வீட்டுக்கு நான் சொல்லாதது ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது.

ஆக, காய்கள் வெறுங்கூடு இல்லை. கிணற்றடியில் நாம் வைத்த தூள் பிடித்திருந்தது. அந்தத் தோட்டத்தில் வேறு ஆண் மரம் இல்லை. அந்த விதை முளைத்தது என்றால் மழைக்காலத்தில் ஏதோ ஒரு நாள் அதற்குள் என் விந்தணு நீந்தியிருக்கிறது. என் என்றுதான் சொல்வேன், தூரிகையை அதிக நேரம் பிடித்தவன் நான். தூள் சேராமல் கருகிய சூல் எந்த மரத்திலும் ஒன்றிரண்டு இருக்கும். அதில் ஒன்றை வெட்டித் தட்டில் வைத்து என்னை ஏமாற்றிவிட்டாய். வெட்டினால் பார்க்கலாம், விட்டால் முளைக்கும் என்று சொன்னவன், எனக்கும் சேர்த்து நீயே முடிவெடுத்துவிட்டாய். என் சென்னையை எடுத்து ஒரு தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாய்.

பிறகு அதற்கு என் பெயரையும் சொல்லி வைத்திருக்கிறாய். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திருடியவன் திருடிய பொருளில் பறிகொடுத்தவன் பெயரை எழுதி வைப்பதற்கு என்ன பொருள்? உன் மனைவி நல்லவள், காரியத்துக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஏதோ சொன்னாளா என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஆனால் சித்தூர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? “கேட்டுக்கினு வருவான்” என்றாயாம். கேட்டால் கொடுத்திருப்பாயா? கேட்காதவனுக்குக் கொடுக்க மாட்டாயா? நான்கு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தாய். நீயே தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். எல்லையில் மரத்துக்கு என்ன சுங்கமா கேட்டார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. நீ உண்மையாகவே ஒன்றையும் வெட்டவில்லையா? நான் ஊரில் இருந்த நாட்களில் மைக்ராஸ்கோப் உன் கையில் இருந்தது, மழை பெய்துகொண்டிருந்தது, காய்கள் இருந்தன. ஒன்றே ஒன்றை வெட்டியிருக்க மாட்டாயா? அதில் அது நீந்தியிருந்தால்? அதைப் பார்த்துவிட்டுத்தான் மீதியை வெட்ட உனக்குக் கை வரவில்லையா? அப்படியென்றால் அதைப் பார்த்த ஒரே ஆள் நீ, பார்க்காமல் ஆண்டுக்காண்டு கரும்பலகையில் பம்பரம் வரைகிறவன் நான். புத்தகத்தில் வேறொரு நாட்டுக்காரன் வேறொரு இனத்தில் வரைந்ததைப் பார்த்து வரைகிறேன். சுருளை ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும் போட்டுவிடுகிறேன். எந்த மாணவனும் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கலாம். அதைக் கொண்டுபோய்விட்டாய்.

இந்தச் சந்தேகம் இனித் தீராது. அதை நான்தான் சுமக்க வேண்டும். கூடவே, விடியற்காலையில் கிணற்றடியில் துளிகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுபட்டதையும், தாகத்தில் உறிஞ்சுகிற மாதிரி இருக்கிறது என்று நீ சொன்ன குரலையும். விட்டுவிட முயன்றேன், அது போகிறதாக இல்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். அது பெண். இத்தனை ஆண்டு அதனிடமே கேட்டுக்கொண்டிருந்தாயே, அதுதான் பதில். உன் புழக்கடையிலும் அதற்குத் துணை இல்லை. திருத்தணியில் எந்தக் காற்றும் அதற்குத் தூள் கொண்டுவராது. இன்னும் சில நாளில் ஓலைகள் விரியும், நுனியில் துளி நிற்கும். இந்தக் கோடை போனால் அடுத்து எப்போது தள்ளும் என்று சொல்ல முடியாது.

கூம்பைத் தட்டித் தூளை எண்ணெய்த்தாளில் மடித்து இந்தக் காகிதங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். உறையில் உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். திருத்தணித் தபால்காரர் வழக்கம்போல உன் வாசலில்தான் போடுவார், பிரிப்பது உன் மனைவியாக இருக்கும். அம்மா, விடியற்காலையில் துளி தெரியும்போது, கோழி இறகு ஏதாவது கிடைத்தால் இந்தத் தூளைத் தொட்டுத் துளியில் வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். மஞ்சள் கயிறு கட்ட வேண்டிய அவசியம் இல்லை. கட்டினாலும் கெடுதல் இல்லை. முள்ளை மட்டும் எடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் நான் அங்கே வருவேன். பையில் பிளேடு இருக்குமா, இல்லை தொட்டி இருக்குமா என்று என்னாலேயே இப்போது சொல்ல முடியவில்லை. இத்தனை ஆண்டு உன்னைச் சந்தேகப்பட்டதில் எனக்கு என்மேல் சந்தேகப்பட நேரமே கிடைக்கவில்லை. பெருத்த காயின் முன்னால் நின்று, கையில் பிளேடும் வைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்றை மட்டும் விட்டு வை என்று சொல்ல ஆள் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்பது அன்றுதான் தெரியும்.

கடைசியில் கையெழுத்துப் போடப் பேனாவைக் கொண்டுபோனேன். போட்டால் மன்னித்துவிட்டேன் என்று ஆகிவிடும். மன்னிக்கவில்லை. மொட்டைக் கடிதமாகத்தான் போடப் போகிறேன். சித்தூர் முத்திரை இருக்கும், உள்ளே இந்த நாற்றம் இருக்கும். யார் அனுப்பியது என்று உன் வீட்டில் தெரியாமல் போகாது. என் வாயால் நான் சொன்னதாக இருக்காது, அவ்வளவுதான். ஐந்து மணித் தபால் எடுக்கிற நேரமாகிறது. உறையை ஒட்டப் போகிறேன்.